ரத்னம்மா செய்துகாட்டிய தாய்

புதன்கிழமை காலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிர் விடுதியிலிருந்து கல்லாவி ஊர்ப் பெண் செல்வி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். "ஆயா, ரத்னம்மா எந்திரிக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க, வழியிலயே போயிட்டாங்களாம்" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. 'அவளாக வந்து பேசட்டும் என்றுதானே ஏழு மாதம் இருந்தேன், இனி எங்கே வருவாள்' என்றுதான் மனம் சொன்னது. சாவுச் சேதி கேட்ட நேரத்திலும் என் வீம்புதான் முன்னால் வந்து நின்றது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் விடுதிப் பெண்களே, உங்கள் முன்னால்தான் அவளை அவமானப்படுத்தினேன்; அதனால் உங்கள் முன்னாலேயே சொல்கிறேன்.

அவளுக்கு விடுதியில் சமையல் வேலை. வீட்டுப் பேச்சு தெலுங்கு, எங்களோடு தமிழ். மதியச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் என் வீட்டுக்கு வருவாள். இரண்டு மணிக்கு டிவியில் ஒரு கொரியா நாடகம், தமிழில் குரல் மாற்றிப் போட்டது. மகனைத் தொலைத்துவிட்டுச் சலவைக்கடை நடத்தும் ஒரு தாயின் கதை. நீங்கள் கம்பெனியில் ஷிப்டில் இருப்பீர்கள், பார்க்க முடியாது. லீவு நாளில் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து, "இந்த வாரம் இன்னா ஆச்சு ஆயா?" என்பீர்கள். நான் ஒன்று விடாமல் சொல்வேன். அழுகையோ கோபமோ வரும் இடத்தில் நிறுத்துவேன். ரத்னம்மா எழுந்து செய்துகாட்டுவாள். வாய் என்னுடையது, முகம் அவளுடையது.

அந்த நாடகத்தின் கதை சல்லடைதான். மூன்றாம் நாள் தாய்க்கு உடைந்தது வலது கை. எட்டாம் நாள் கட்டு இடது கையில். செத்துப்போன தாத்தா ஒரு மாதம் கழித்துப் போனில் பேசுகிறார். லாரி மோதியவனுக்கெல்லாம் ஞாபகம் போய்விடும், கல்யாணத்துக்கு முதல் நாள் சரியாகத் திரும்பி வரும். நான் பள்ளிக்கூடம் போனது நான்கு வருடம்தான். ஆனால் ஒருமுறை காதில் விழுந்தது எனக்கு அழியாது. தப்பை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பேன். ரத்னம்மா சிரிப்பாள். "கதை எழுதனவன் தூங்கிட்டாங்க்கா. அதுக்கு அந்தம்மா இன்னா பண்ணும்? குடுத்த கதையில நின்னுகினு எப்படி அழுவுது பாரு."

அந்த நடிகை முகத்தைச் சுளித்து அழமாட்டாள். மகனுடைய பழைய சட்டையை இஸ்திரி போடுவாள். காலரை மட்டும் இரண்டாம் முறை தேய்ப்பாள். அவ்வளவுதான். ரத்னம்மா அதை மாடிப்படியில் வெறுங்கையால் செய்தாள். துணி இல்லை, பெட்டி இல்லை. பர்கூர்ப் பெண் எழுந்து ஓரமாகப் போய்த் தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். நான் சொன்ன கதைக்கு யாரும் அப்படி எழுந்து போனதில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

ரத்னம்மாவின் மகன் புனேயில் பெரிய வேலை என்று நம் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள். தினமும் சாயங்காலம் விடுதி வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சாப்டியா கண்ணா?" என்பாள். அவன் முகம் எனக்குத் தெரியும். அவள் அறையில் போட்டோ மாட்டியிருந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாடகத்தில் தாயின் கைக்கட்டு இடம் மாறிய தப்பை நான் மறுபடி எடுத்தேன். உங்களில் ஒருத்தி, "ஆயா, நீ கொஞ்சம் சும்மா இரு. ரத்னம்மா செஞ்சு காட்டட்டும்" என்றாள். ரத்னம்மாவும் விளையாட்டாக, "எங்கக்கா நாடகமா பாக்குது? போலீசு மாதிரி விசாரணை பண்ணிகினு இருக்குது" என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள்.

"உன் கதை மட்டும் ஒழுங்கா?" என்று ஆரம்பித்தேன். "மவன் புனேல கீறான்னு சொல்றே. மூணு வாரம் முன்னாடி ஓசூர் பஸ் ஸ்டாண்டுல கம்பெனி பஸ் ஏறினான், என் கண்ணால பாத்தேன். போனுக்கு ரீசார்ஜ் பண்ணி நாலு மாசமாச்சுன்னு பொங்கலுக்கு நீயே சொன்னே. அப்ப தினம் யாருகிட்டடி பேசறே?"

கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். மூன்று வாரம் அதை மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, ஆள் கூடும் நாளுக்காகக் காத்திருந்தவள் நான்.

ரத்னம்மா அழவில்லை. "கதை தப்புதாங்க்கா" என்றாள். "சாப்டியான்னு கேட்டது நெசம்." படியிறங்கிப் போனாள். அப்புறம் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

பங்குனியில் எனக்குக் காய்ச்சல். செல்வியிடம் தூக்குவாளியில் மிளகு ரசம் கொடுத்தனுப்பினாள். குடித்தேன். தூக்கைக் கழுவி, ஒரு பிடி சர்க்கரைகூடப் போடாமல் திருப்பி அனுப்பினேன். வெறும் பாத்திரம் எந்த வீட்டுக்கும் நான் அனுப்பியதில்லை. அவளுக்கு உறைக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். ரசம் நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருக்கலாம்.

புதன்கிழமை மதியம் விடுதி வாசலில் அவளைக் கிடத்தியிருந்தபோது மகன் வந்தான், கம்பெனிச் சட்டையோடு. ஊருக்குள்ளேயே இருந்திருக்கிறான். அவனிடம் கேட்க நான் எவ்வளவோ வைத்திருந்தேன். எந்தத் தீபாவளிக்கு வரவில்லை, எந்தக் காய்ச்சலுக்கு எட்டிப் பார்க்கவில்லை, எல்லாம் வரிசையாக நாக்கு நுனியில் நின்றது. நான் வாயைத் திறக்குமுன் அவன் கேட்டான்: "அம்மா என்னப் பத்தி எதுனா சொல்லுமா, ஆயா?"

சொன்னேன். "நீ புனேல மேனேஜருப்பா. பால்கனி வெச்ச வீடு. ஆத்தாளுக்குத் தனி ரூமு கட்டி வெச்சிருக்கே. தீபாவளிக்கு ஃபிளைட்டு டிக்கெட் போட்டுட்டே, மழையில ஃபிளைட்டு நின்னுபோச்சு. சளி புடிச்சா மஞ்சப்பால் குடிக்க மாட்டே, இருந்தாலும் தினம் ராத்திரி குடிக்கறியாம், அம்மா சொல்லிச்சேன்னு." அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். எது எதோடு பொருந்தவில்லை என்று எனக்குத் தெரியும், ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. அவன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான்.

அவன்மேல் எனக்குள்ள கோபம் போகவில்லை, போகாது. என்மேல் உள்ளதும் அப்படித்தான். ரத்னம்மா தன் மகனுக்காகக் கட்டிய கதை முழுவதும் ஒரு சொல் குறையாமல் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி ஆகும் என்பதும் இருக்கிறது. ஆனால் அந்த முகத்தைச் செய்துகாட்ட எனக்கு வரவில்லை. பெற்ற பிள்ளைக்கு அன்று நான் வெறும் கதையைத்தான் கொடுத்தேன்.