இரண்டாவது கற்பூரம்

எங்கள் கூத்து ஜமாவில் துரோபதை வேஷம் கட்டியவர் என் அண்ணன் கண்ணையன். மற்ற நாளில் பெருமுக்கலில் எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை வெட்டுவார். கூத்தென்றால் மீசையை மழித்து, ஒருபொழுது இருந்து, சேலைக்கு மேல் சேலையாகச் சுற்றிக்கொண்டு சபையில் இறங்கி ஆடுவார். ஊர்ப் பெண்கள் அவர் காலில் விழுவார்கள். நான் பின்னால் நின்று தாளம் போடுவேன்.

துச்சாதனன் வேஷம் அப்பாதுரைக்கு. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சேலையைத் தொடுமுன் துச்சாதனன் கற்பூரம் ஏற்றி, "தாயே, பொழப்புக்கு வேஷம் கட்டிக்கினு வந்தேன், பொறுத்துக்கோ" என்று கும்பிட வேண்டும். துரோபதை கை தூக்கி உத்தரவு கொடுத்த பிறகுதான் தொடலாம்.

எண்பத்து மூன்றில் ஓமந்தூர்க் கூத்துக்கு அவன் மூக்கு முட்டக் குடித்துவிட்டு வந்தான். கற்பூரமும் இல்லை, கும்பிடும் இல்லை, பாய்ந்தான். சேலையோடு நிற்காமல் ரவிக்கையைக் கிழித்து, உள்ளே வைத்திருந்த துணிப்பந்தைக் கூட்டத்தில் வீசினான். ஓவென்று சிரித்தார்கள். அண்ணன் இரண்டு கையாலும் மார்பை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜமா வாத்தியார் தாண்டவராயன் அப்பாதுரைக்கு மாமனார். "வெளையாட்டுக்குப் பண்ணான், வுடுடா" என்று முடித்துவிட்டார்.

அதன் பிறகு அண்ணன் பழைய அண்ணனாக இல்லை. அரிதாரம் பூச உட்கார்ந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும். கேப்பைக் கூழ்கூட இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். "நெஞ்சுல ஒண்ணும் இல்ல. மனசுலதான் ஏதோ இருக்கு. அதை மறந்துடுங்க" என்றார். ஊர் நடுவில் டாக்டரின் துணியை யாரும் உருவியதில்லை. அதனால் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

அப்பாதுரையோ டீக்கடையில் அண்ணனைக் கண்டால், "இன்னாடி துரோபதை, பந்து கெடச்சிதா?" என்பான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லு. அவன் கைய ஒடிச்சிட்டு வர்றேன்" என்றேன்.

"வேணாம்டா. அந்தக் கை என் எதிர்ல கும்பிடணும். அதுக்கு நான் மறுபடியும் வேஷம் கட்டணும்."

கட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. அந்த வஞ்சம்தான் அவரை எழுப்பி உட்கார வைத்தது. தினமும் கண்ணாடி முன்னால் நடுங்க நடுங்கப் பூசுவார், அழிப்பார், மறுபடியும் பூசுவார். மாசக்கணக்கில் இப்படியே போராடினார்.

மறு வருஷம் எங்கள் ஊரிலேயே கூத்து. அண்ணன் மறுபடியும் வேஷம் கட்டினார். விடிகிற நேரம், சேலை உருவும் கட்டம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் இருந்ததால் அப்பாதுரை ஒழுங்காகக் கற்பூரத் தட்டோடு வந்து கும்பிட்டான். அண்ணன் கை தூக்கவில்லை. நான் தாளத்தை நிறுத்தினேன். கற்பூரம் அணைந்தது. "அம்மா உத்தரவு குடுக்கல" என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது.

"ஓமந்தூர்ல இன்னா பண்ணே? சொல்லு" என்றார் அண்ணன், துரோபதையின் குரலில்.

அப்பாதுரை மாமனாரைப் பார்த்தான். அவர் தலை குனிந்துகொண்டார். நான் போய் இன்னொரு கற்பூரத்தைத் தட்டில் வைத்தேன். அதை ஏற்றும்போது அவன் கை நடுங்கியது. கண் குளிரப் பார்த்தேன்.

"குடிச்சிட்டு வந்து, உத்தரவு கேக்காம தொட்டுட்டேன் தாயே..."

"சத்தமா."

ரவிக்கையைக் கிழித்தது, பந்தை வீசியது, எல்லாவற்றையும் தன் பெண்டாட்டி முனியம்மாள் முன்னாலேயே சொன்னான். முன்வரிசையில் இருந்த அவள் மண்ணை வாரி அவன்மேல் தூற்றினாள். அதற்குப் பிறகுதான் அண்ணன் கை தூக்கினார். அந்தக் கை ஆடவில்லை.

வேஷம் கலைத்ததும் அப்பாதுரை வந்து இளித்தான். "அதான் பொறுத்துக்கினியே கண்ணையா. இனிமே நமக்குள்ள இன்னா?"

"பொறுத்துக்கினது துரோபதை. நான் இல்ல."

அன்று பகல் முழுவதும் அண்ணன் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார். அதற்குப் பிறகு எந்த ஊர்க் கூத்திலும் முதல் கற்பூரத்துக்கு அவர் கை தூக்கியதே இல்லை. அது அணையும்வரை அப்பாதுரை குனிந்தே நிற்பான். இரண்டாவதை எடுத்துக் கொடுப்பது நான்தான். மெதுவாகத்தான் எடுப்பேன்.