ரங்கூன் தெருவில் அண்ணாந்து நின்றோம்

ஜப்பான்காரன் யுத்தத்தில் இறங்கிய சமயம், தூத்துக்குடியிலிருந்து ரங்கூனைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே என் அண்ணன் கடை வைத்திருந்தார். ஒரு காலையில் விமான இரைச்சல் கேட்டது.

“ஏளா, ஓடியா! நம்ம பிளேன் வருது பாரு!” என்று அண்ணன் தெருவிலிருந்து கூப்பிட்டார். தெருவே அண்ணாந்து கை அசைத்தது. நானும் வாசலில் நின்று அசைத்தேன். அப்போதுதான் குண்டு விழுந்தது.

வெடித்த வேகம் என்னை வீட்டுக்குள் தூக்கி எறிந்தது. தவழ்ந்து வெளியே வந்தேன். தெருவெல்லாம் ரத்தமும் சதையுமாகக் கிடந்தது. கட்டியிருந்த கைலியை வைத்துத்தான் அண்ணனை அடையாளம் கண்டேன். கிடைத்த கப்பலில் தனியாக ஊர் திரும்பினேன்.

இப்போது எங்கள் துறைமுகத்துக்கு மேலே விமானம் பறந்தால், வேடிக்கை பார்க்க ஓடும் தெருப்பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துப்போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன். “யக்கா, திறங்கக்கா” என்று அவர்கள் அழுதாலும், இரைச்சல் அடங்கும்வரை திறப்பதில்லை.