மயிலைக்குப் பாலை நிறுத்தியவள்

அய்யா கடலுக்குப் போகாத ஒரு தடைக்காலத்தில்தான் அம்மா அந்த இரண்டு காளைக்கன்றுகளையும் கொண்டுவந்தாள். நயினார்கோவிலில் பால்மாடு வைத்திருந்த பெரியமாமாவுக்குக் கிடேரி பிறந்தால் சந்தோஷம். காளை பிறந்தால் அது குடிக்கிற பால் கண்ணை உறுத்தும். அம்மா, "நான் வளத்து விக்கிறேன், குடுண்ணே" என்று கேட்டு, ஒரு மாதம்கூட நிறையாத இரண்டையும் லோடு ஆட்டோவில் ஏற்றி, பாம்பன் பாலம் தாண்டி அக்காள்மடத்தில் இறக்கினாள். ஒன்று செம்பழுப்புச் செவலை, மற்றது சாம்பல் பூத்த மயிலை. மீன் மட்டுமே தெரிந்த எங்கள் தெரு கூடிநின்று வேடிக்கை பார்த்தது.

"வலை இழுக்குறவன் வீட்ல கன்னுக்குட்டிக்குப் பால்புட்டியா?" என்று அத்தை சிரித்தாள்.

அம்மா காதில் வாங்கவில்லை. "மூணு மாசம் பால் போகணும். அப்புறந்தான் புல்லு, தவிடெல்லாம்" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வெள்ளாடுகளின் பாலைப் புட்டியில் ஊற்றி இரண்டுக்கும் சமமாகக் கொடுப்பது என் வேலை.

சமமாகத்தான் கொடுத்தேன், ஒரு வாரம். செவலை கூப்பிட்டால் ஓடிவரும். என் பாவாடையைச் சப்பும். மயிலை ஒதுங்கிநின்று வைக்கோலைக் கடிக்கும். அதுதான் தின்னப் பழகிவிட்டதே என்று, அதன் பங்கையும் செவலைக்கே ஊற்ற ஆரம்பித்தேன்.

இரண்டு மாதத்தில் செவலை திரண்டது. மயிலைக்கு வயிறு மட்டும் பானையாகி முதுகெலும்பு துருத்தியது. பார்க்க வந்த டாக்டரம்மா அதன் விலாவைத் தடவினார்.

"எப்பம்மா பாலை நிப்பாட்டுனீங்க?"

"நிப்பாட்டலையே டாக்டர். ரெண்டும் குடிக்குது" என்றாள் அம்மா.

"இல்ல, இது ரொம்ப முன்னாடியே பால் மறந்துருச்சு. வைக்கோலைச் செரிக்கிற அளவுக்கு வயிறு இன்னும் பழகல. இந்த வயசுல விட்ட வளத்தியப் பிடிக்கிறது கஷ்டம்."

சுவரைப் பார்த்தபடி நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா அடிக்கவில்லை.

"நீதான நிப்பாட்டுன? நீயே தேத்து."

தேற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். முதலில் பூச்சி மருந்து. பிறகு கொஞ்சம் பால், ஊறவைத்த கடலைப்பிண்ணாக்கு, இடித்த கம்பு, இளம் அகத்திக்கீரை என்று நாளுக்கு நான்கு வேளை. எங்கள் மணலில் அகத்தி ஏது? பள்ளிக்கூடம் விட்டதும் கிணறு இருக்கும் வீடுகளாகத் தேடிப்போய், கெஞ்சி ஒடித்துவருவேன். அய்யா கன்றுக்கொரு வலைக்கயிறு தந்தார். வாராவாரம் அவற்றின் மார்ச்சுற்றை அளந்து முடிச்சுப் போடுவேன். மயிலைக்குக் கழிச்சல் கண்ட வாரங்களில் முடிச்சு நகரவே நகராது.

"விடுடி, அது அம்புட்டுத்தான்" என்றாள் அத்தை.

நான் விடவில்லை. மயிலையும் விடவில்லை. அடுத்த தடைக்காலமும் கடந்து, மழை தொடங்கிய ஒரு சனிக்கிழமை இரண்டு கயிறும் ஒரே நீளத்தில் நின்றன. அய்யாவை இழுத்துவந்து காட்டினேன். "ரெண்டும் சமத்துக்கு வந்துருச்சே!" என்றவர், என்னைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார்.

மறுவாரம் மாட்டு வியாபாரி லாரியோடு வந்தார். செவலையை மட்டும் எடுப்பதாகத்தான் பேச்சு. மயிலையின் முதுகுச் சதையை அழுத்திப்பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாத் தேறியிருக்கே, ரெண்டையும் ஏத்திருவோம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இதுக்கு வயிறு ஒத்துக்காது மாமா. நாலு வேளையாப் பிரிச்சுப் போடுங்க. பிண்ணாக்க ஊறவைக்காமப் போட்றாதீக."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "சரி ஆத்தா" என்றார். அம்மா அதற்குள் வீட்டுக்குள் போய்விட்டாள். அத்தை என்னைத் தன்னோடு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

லாரி எங்கே போகிறது என்று அய்யாவிடம் கேட்டேன். கேரளாவுக்கு என்றார். அங்கே மழைக்குப் பஞ்சமில்லை, எங்கு பார்த்தாலும் பச்சை என்று பாடத்தில் படித்திருந்தேன். இனி மயிலைக்குத் தீனிக்குக் குறைவிருக்காது என்று, லாரி கண்ணை விட்டு மறையும்வரை சிரித்துக்கொண்டே கையாட்டினேன்.