பூஜையில் வைத்து நான் எடுக்காத ஏழு உளிகள்

அக்கா மறைந்து இந்தச் சித்திரையோடு ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் எழுதும்படி அக்காவின் மகள் கேட்டபோது, "நான் ஏழாவதோடு நின்றவன், உன் வீட்டுக்காரரை எழுதச் சொல்" என்றேன். "அம்மாவோட கடைசி ரெண்டு வருஷம் உங்களுக்குத்தான் மாமா தெரியும்" என்றாள். எனக்கும் முழுதாகத் தெரியாது. பாதி நாள் நான் ஊரில் இல்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அப்பா மில்லில் பஞ்சு மூட்டைக்கு எடை போடுபவர். அம்மா சீக்கிரம் போய்விட்டதால், அக்கா படிப்பை நிறுத்திவிட்டு எனக்குச் சோறு பொங்கிப் போட்டார். பதினெட்டு வயதில் அதே மில்லில் நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தார். கல்யாணமாகி மாமாவோடு அதே ஊரில் கதிர்காமத்துக்குக் குடிபோனார். மாமா மஞ்சள் காமாலையில் இறந்தபோது மகளுக்கு ஒன்பது வயது. அக்கா ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போய் மகளைப் படிக்கவைத்துக் கடலூரில் கட்டிக்கொடுத்தார். அந்த வருஷங்களில் நான் லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், கட்டடக் கூலி என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். புதுச்சேரிக்கு வந்தால் அக்கா வீடுதான். போகும்போது சொல்லிக்கொண்டு போகும் வழக்கம் எனக்கு இல்லை.

சுனாமிக்கு மறு வருஷம், பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறும்போது அக்கா படியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்தும் சரியாகக் கூடவில்லை. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடப்பார். தரையில் உட்கார முடியாது, தெருவில் இறங்க முடியாது. மில் வேலை அதோடு முடிந்தது.

அப்போது நான் ஊருக்குள் ஒரு சொல்தா வீட்டை இடிக்கும் வேலையில் இருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவரின் வீடு. பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். பின்னறையில் ஒரு சாக்கில் துருப்பிடித்த உளிகள் கிடந்தன. "எடுத்துட்டுப் போப்பா, இடம் காலியானா போதும்" என்றார் மேஸ்திரி. பழைய இரும்புக்குப் போடலாம் என்று அக்கா வீட்டில் கொண்டு வந்து வைத்தேன். வைத்ததை மறந்து ஓசூர் பக்கம் போய்விட்டேன்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது, அக்கா கட்டிலில் சாய்ந்து மடியில் பலகை போட்டு, உப்புத்தாளில் ஓர் உளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புளி கரைத்த தண்ணீரில் இன்னும் இரண்டு ஊறின. தேய்த்து முடித்தவை தேங்காய் எண்ணெய் பூசித் துணியில் சுற்றி இருந்தன.

"என்னக்கா இது, சாமான் தேய்க்கிற மாதிரி?"

"சாமான் தேய்ச்சா சோறு ஆக்கலாம். நீ கொண்டாந்து போட்டதுக்கு என்ன ஆக்கறதுன்னுதான் பார்க்கறேன்."

மொத்தம் ஏழு. எல்லாம் நீளமான கடைசல் உளிகள் என்று எதிர்வீட்டு அண்ணன்தான் சொன்னார். அவர் மோட்டார் சுருள் கட்டுபவர். அவர் மனைவி தையல் வேலை செய்யும் அண்ணி. பழுதாகிக் கிடந்த மாவு கிரைண்டரின் மோட்டாரை அண்ணன் சரிசெய்து ஒரு மேசையில் பொருத்தி, இரண்டு இரும்பு முனைகளுக்கு நடுவே கட்டை சுழலும்படி எந்திரம் ஒன்று செய்துகொடுத்தார். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா வேலை பார்ப்பார். முதல் கட்டை தெறித்துப் போய்த் தண்ணீர்க் குடத்தை உடைத்தது. "நல்லவேளை, குடம். என் வீட்டுக்காரர் தலையா இருந்தா?" என்றார் அண்ணி. "குடம்னா புதுசு வாங்கணும்" என்று சொல்லிச் சிரித்தார் அக்கா. அந்தச் சிரிப்பை நான் பல வருஷம் கேட்டதில்லை.

முப்பது வருஷம் நூல்கண்டு சுழலும் இடத்தில் இருந்தவருக்குச் சுழலும் கட்டையின் அருகில் கை கொண்டுபோகப் பயம் இல்லை. ஆறே மாதத்தில் பூரிக்கட்டை, தொட்டில் கட்டை, கட்டில் கால் என்று தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கடைந்து கொடுத்தார். காலையில் தானாக எழுந்து, தலைவாரி, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எந்திரத்துக்குப் போவார். அந்தப் பத்து அடி நடைதான் அவருக்கு மருந்து என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

உளிகளின் பழைய பிடிகள் உளுத்துப்போயிருந்தன. ஒருநாள் அக்கா என் கையைப் பிடித்து, உள்ளங்கையைச் சுற்றி நூல் போட்டு அளந்தார்.

"மோதிரம் போடப் போறியா?"

"விலங்கு. நாப்பது வயசு ஆவுது, அடுத்த வேளை எந்த ஊர்ல சோறுன்னு தெரியாது உனக்கு. இந்த ஏழும் உனக்குத்தாண்டா. நான் சும்மா பழக்கி வச்சிருக்கேன்."

என் கை அளவுக்கே ஏழு பிடிகளும் பூவரசங்கட்டையில் கடைந்தார். நான் இங்கேயே தங்கி ஒரு தொழிலில் நிலைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. வாய்விட்டு அந்த ஒரு முறைதான் சொன்னார்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு நான் வீட்டில் இருந்தேன். எங்கள் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். பூஜையில் ஆயுதத்தை வைத்தவர்தான் மறுநாள் எடுக்க வேண்டும். எடுத்து ஒரு வேலையாவது செய்த பிறகுதான் மற்றவர் தொடலாம். "இந்தத் தடவை நீ வை" என்றார் அக்கா. நான் ஏழையும் தண்ணீரில் கழுவி, சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாகப் பூசி, குங்குமம் வைத்து, படத்துக்கு முன்னால் மணைப்பலகையில் அடுக்கினேன்.

"டேய், இரும்புடா. ஈரத்தோட வைக்காதே."

"ஒரு ராத்திரிதானேக்கா."

விடிந்ததும் தெரிந்த லாரிக்காரர் ஒருவர் விஜயவாடா போகிறேன், வருகிறாயா என்றார். போய்விட்டேன். உளிகளின் ஞாபகம் செங்கல்பட்டு தாண்டித்தான் வந்தது. ஒரு வாரத்தில் திரும்பிவிடுவோமே என்று நினைத்தேன்.

திரும்பவில்லை. அங்கிருந்து ஒரு வேலை, பிறகு இன்னொரு வேலை. தீபாவளிக்கு எதிர்வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார்.

"எப்ப தம்பி வர்றீங்க? அக்கா உளியைத் தொடவே மாட்டேங்கறாங்க. எந்திரம் சும்மா கிடக்கு."

"நான் சொன்னேன்னு எடுத்துக்கச் சொல்லுங்கண்ணி."

அண்ணி தெருவைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வந்து அக்காவின் பதிலை அப்படியே சொன்னார்: "வாயாலயா வச்சான்? கையாலதானே வச்சான். கையாலயே வந்து எடுக்கட்டும்."

நான் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அக்கா அப்படி ஒன்றும் சாமிக்குப் பயந்தவர் அல்ல. அண்ணனே ஒருமுறை, "நான் எடுத்துத் துடைச்சு வைக்கட்டுமா, சாமி ஒண்ணும் சொல்லாது" என்று கேட்டிருக்கிறார். "சாமி சொல்லாதுன்னு எனக்கும் தெரியும். அவன் வரணும்" என்றாராம்.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் அவை பலகையிலேயே இருந்தன. வேலை இல்லாததால் அக்கா எழுந்து நடப்பது குறைந்தது. பிறகு கட்டிலோடு நின்றுவிட்டது. கால் வீங்கியது, இருமல் பிடித்தது. மாசியில் நான் வந்து நின்றபோது அவர் என்னைத் திட்டவில்லை. "வந்துட்டியா, எடு" என்றார்.

காய்ந்து வெடித்த சந்தனம் கையோடு வந்தது. அதன் அடியில் துரு. "ஒரு வெட்டு வெட்டு" என்றார். மோட்டாரைப் போட்டு ஒரு வேப்பங்கட்டையில் உளியை வைத்தேன். கட்டை பிய்ந்துகொண்டு போனது. அக்கா கட்டிலிலிருந்து பார்த்துவிட்டு, "முனை போயிடுச்சு. முதல்லேர்ந்து தேய்க்கணும்" என்றார். தேய்க்க அவர் கையில் தெம்பு இல்லை. நான் உட்கார்ந்து தேய்த்தேன். ஐந்து தேறின, இரண்டு அரித்துப்போய்விட்டன. ஐந்தாவதைத் தேய்த்து முடித்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். சித்திரை பிறந்து நான்காம் நாள் காலமானார்.

நுரையீரலில் சளி கட்டியதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். நான் கேட்காமலேயே உறவினர் பலரும் "அது விதி, உன்மேல் தப்பில்லை" என்று ஆறுதல் சொன்னீர்கள். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் அக்கா அந்த மழைக்காலம் முழுவதும் படுத்தே இருந்தது எனக்காகக் காத்திருந்து. அதை நான் இங்கே எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

அக்காவுக்குக் கடைசிவரை கஞ்சி கொடுத்து, உடம்பு துடைத்துவிட்ட அண்ணிக்கும், நடு ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன அண்ணனுக்கும், ரத்தம் கொடுத்த மில் நண்பர்களுக்கும், காரியத்துக்கு ஓடியாடிய தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. லாரிக்காரர் இந்த ஓராண்டில் இரண்டு முறை கூப்பிட்டார். நான் போகவில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இருக்க வேண்டிய காலத்தில் இருக்கவில்லை.

இந்த மலரோடு உங்கள் கைக்கு ஒரு தயிர் மத்து வரும். எல்லாம் அதே எந்திரத்தில் நான் கடைந்தவை. சில ஒருபக்கம் கனமாக இருக்கும், சில சுற்றும்போது ஆடும். அக்கா இருந்திருந்தால் இவற்றில் ஒன்றைக்கூட வாசற்படி தாண்ட விட்டிருக்க மாட்டார்.