டாட்டா என்றாள் என் மகள்

மலர் அக்கா அன்று என்னை ‘மேடம்’ என்று அழைத்தது விளையாட்டுக்குத்தானா? ஓராண்டாகியும் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை.

என் தவறு மட்டும் தெளிவாகத் தெரியும். எங்களை உறவாக நினைத்து ஊர் சுற்றிக் காட்டிய ஒரு பெண்ணை, என் வீட்டு ஆயாவா என்று ஒருவர் கேட்டார். நான் ஆமாம் என்றேன். மொழி புரியாமல் அல்ல... புரிந்தேதான் சொன்னேன்!

நாங்கள் அமீரகத்தின் புஜைராவில் வசிக்கிறோம். என் கணவர் செந்திலுக்குக் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. சென்ற ஆண்டு அவரை மூன்று மாதத்துக்கு இத்தாலியின் பலெர்மோ நகருக்கு அனுப்பினார்கள். நான்கு வயது மகள் ஆதிராவோடு நானும் போனேன். எதையும் பட்டியல் போட்டுச் செய்பவள் நான். காய்ச்சல் மருந்து, பெருங்காயம், குட்டிக் குக்கர்... ஒன்றையும் மறக்கவில்லை.

லிஃப்ட் இல்லாத நான்காம் மாடி. மதியம் ஒரு மணிக்குக் கடைகளைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் பாலும் தக்காளியும் வாங்கியாக வேண்டும். பால்கனியில் காயும் துணி காற்றில் நழுவினால் கீழ்வீட்டுக் கொடியில்தான் போய்த் தொங்கும். அப்படி விழுந்த ஆதிராவின் சரிகைப் பாவாடையை எடுத்துக்கொண்டு படியேறி வந்தவர்தான் மலர் அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். பதினான்கு ஆண்டுகளாகப் பலெர்மோவில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிறார்.

“பாவாடையைக் கண்ட உடனயே நினைச்சன், மேல ஆரோ எங்கட ஆக்கள் எண்டு. சாப்பிட்டனீங்களோ, தங்கச்சி?”

அன்றிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சி; ஆதிராவுக்கு அவர் பெரியம்மா. வாரத்தில் அவருக்கு ஓய்வு ஞாயிறு ஒன்றுதான். அந்த ஞாயிறுகளைத்தான் எங்களுக்குத் தந்தார்! ஒரு வாரம் பேருந்தேறி மலைமேல் இருக்கும் தேவாலயம். மறுவாரம் சந்தை, அங்கே ஒரு மூலையில் முருங்கைக்காய்கூடக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

நான் அவருக்கு வளைகுடாக் கதைகள் சொல்வேன். “அங்க எல்லாருமே மேடம்தான்க்கா. காய்கறிக் கடை பாய்கூட என்னை மேடம்னுதான் கூப்பிடுவாரு.”

“அப்ப நான் வந்தா எனக்கும் மேடமோ? அந்தக் கடையிலயே குடியிருந்திடுவன்!” என்று விழுந்து விழுந்து சிரிப்பார்.

இனி அந்த ஞாயிறு...

ரயிலில் ஒரு மணி நேரம் போய், செஃபலு கடற்கரையில் இறங்கினோம். செந்திலுக்கு அன்று டூட்டி. நாங்கள் மூவர் மட்டும்தான். மலர் அக்கா ஐஸ்கிரீம் வாங்கக் கிளம்பினார். ஆதிரா மணலில் எழுந்து நின்று கையாட்டினாள். “டாட்டா! டாட்டா!”

பக்கத்துக் குடையின் கீழே கறுப்புக் கண்ணாடி அணிந்த ஓர் அம்மையார் இருந்தார். போய்க்கொண்டிருந்த மலர் அக்காவைக் காட்டி, “டாட்டா?” என்று என்னிடம் கேட்டார். மழலையை ரசிக்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அதுவரை குற்றமில்லை. பிறகு அரைகுறை ஆங்கிலத்தில் விளக்கினார். அவர்கள் பேச்சில் ‘டாட்டா’ என்றால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாம். “நானி! யூ லக்கி மம்மா!”

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இத்தாலியிலும் ‘நோ’ என்றால் ‘நோ’தான்!

“யெஸ்... வெரி குட் நானி” என்றேன் நான்.

ஏன் சொன்னேன்? ஒருமுறை ஷார்ஜாவில், அப்பாவின் சிவந்த நிறத்தில் பிறந்த ஆதிராவைத் தூக்கிக்கொண்டு கடையில் நின்றிருந்த என்னிடம், “குழந்தையின் அம்மா எங்கே?” என்று ஒருத்தி கேட்டாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வலியை அறிந்தவள் நான். அறிந்திருந்தும், அந்த ஒரு நிமிடம் ஆயா வைத்திருக்கும் எஜமானியாக அந்த மணலில் உட்கார்ந்திருந்தேன். அது எனக்குப் பிடித்திருந்தது... உங்களிடம் மறைக்க மாட்டேன்.

திரும்பினேன். இரு கைகளிலும் ஐஸ்கிரீமோடு மலர் அக்கா என் பின்னால் நின்றார். எப்போது வந்தார்? ஒன்றை ஆதிராவிடம் கொடுத்தார். மற்றதை என்னிடம் நீட்டினார்.

“இந்தாங்கோ, மேடம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“உங்களுக்குக்கா?”

“எனக்குப் பல்லுக் கூசும். நீங்க சாப்பிடுங்கோ.”

திரும்பும் ரயிலில் ஆதிரா அவர் மடியில் தூங்கினாள். நான் மூன்று முறை பேச வாயெடுத்தேன். மூன்று முறையும் வெயிலைப் பற்றியே பேசினேன்! அதன்பின் வந்த இரண்டு ஞாயிறுகளிலும் அவர் எங்களோடு வந்தார். தங்கச்சி என்றே அழைத்தார். காதில் விழுந்திருந்தால் வந்திருப்பாரா? விழுந்தும் வந்தவர் என்றால்...?

செந்திலிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

நேற்று மலர் அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. “தங்கச்சி, அடுத்த மாசம் ஷார்ஜா ரோலாவில இருக்கிற என்ர சொந்தத் தங்கச்சியிட்ட வாறன். புஜைராக்கு வந்து பிள்ளையை ஒருக்காப் பாக்கட்டோ? இந்த முறை நீங்கதான் எனக்குக் கடல் காட்டோணும்.”

“பெரியம்மா இஸ் கமிங்!” என்று ஆதிரா குதிக்கிறாள்.

கடற்கரைக்கு அழைத்துப் போவேன். அதில் தயக்கமே இல்லை. யார் இவர் என்று எவர் கேட்டாலும் என் அக்கா என்று உரக்கச் சொல்வேன், அதிலும் ஐயமில்லை. ஆனால் செஃபலுவில் சொல்லாமல் விட்டதற்கு அது ஈடாகுமா? ஆகாது.

அவர் காதில் அன்று விழவில்லை என்றால், இப்போது உண்மையைச் சொல்லி நானே அந்தச் சொல்லை அவர் காதில் போட்டவளாவேன். விழுந்திருந்து, நான் சொல்லாமல் விட்டால், பொறுத்துக்கொண்டவர் முன்னால் இரண்டாம் முறையும் வாய்மூடி நின்றவளாவேன்.

“வாங்கக்கா” என்று மட்டும் பதில் அனுப்பியிருக்கிறேன். அவர் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் சொல்வீர்களா, மாட்டீர்களா? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்...