இருபது நிமிடம் என்று எழுதிய அட்டை

ராயக்கோட்டை சாலையில் தக்காளி வண்டி ஒன்று என் சைக்கிளை இடித்ததில் வலது முட்டி உடைந்தது. ஆபரேஷன் முடிந்து மூன்றாவது மாதம், ஓசூரில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் அதே சைக்கிளை ஓர் இரும்பு ஸ்டாண்டில் மாட்டினேன். பின்சக்கரம் தரையில் படாது; ஓர் உருளை அதை அழுத்திக்கொண்டிருக்கும். மிதிக்கலாம், எங்கும் போக முடியாது.

"தினமும் இருபது நிமிஷம், லேசா மிதிங்க. எவ்வளவு நேரம்னு இந்த அட்டையில எழுதிட்டு வாங்க" என்றார் கம்பெனி டாக்டர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் நான் மறுபடி ஃபேக்டரி லைனில் நின்று வேலை பார்க்க முடியும். பதினோரு வருடம் நின்ற இடம். வேறு வேலை எனக்குத் தெரியாது.

அந்த ஸ்டாண்டில் மிதிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. சாலையில் சைக்கிள் உடம்போடு சேர்ந்து சாயும். இது கட்டிப்போட்ட மாடு மாதிரி முரண்டு பிடித்து நிற்கும். காற்று கிடையாது. வியர்வை காயாமல் புருவம் வழியாகக் கண்ணில் இறங்கி எரியும். இறக்கம் என்று ஒன்று வராது. காலை நிறுத்தினால் சக்கரமும் உடனே நின்றுவிடும். உருளை ஊளையிடும், டயர் சூடாகி ரப்பர் நாறும். ஐந்தாம் நிமிடத்தில் எதிரே சமையலறைச் சுவரில் தொங்கிய கரண்டி பதினைந்தாம் நிமிடத்திலும் அங்கேயே தொங்கும். அதைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரத்தில் ஒரு மணி நேரம் மிதித்தேன். உருளையை இறுக்கி வைத்தும் மிதித்தேன்.

"ஏங்க, டாக்டரு இருவது நிமிசம்தான சொன்னாரு?" என்றாள் மனைவி.

"டார்கெட்டுக்கு மேல போட்டாத்தான் சீக்கிரம் சரியாவும். நீ போயி வேலையப் பாரு."

அட்டையில் மட்டும் இருபது என்றே எழுதினேன். லைனில் அதுதான் எங்கள் பழக்கம். எத்தனை பீஸ் கூட ஓட்டினாலும் போர்டில் டார்கெட்டைத்தான் எழுதுவோம். கூட எழுதினால் நாளை முதல் அதுவே டார்கெட். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம்.

ஒரு மாதத்தில் முட்டி பன் மாதிரி வீங்கியது. டாக்டர் அதை அமுக்கிப் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார்.

"இருபது நிமிஷத்துக்கே இப்படி வீங்குதுன்னா, எட்டு மணி நேரம் எப்படி நிப்பீங்க?"

"இல்லைங்க சார், அது பொய்க் கணக்கு. டைட் வச்சி ஒரு மணி நேரம் மிதிச்சேன். இருவதுன்னு சும்மா எழுதிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. பட்டிருந்தால்கூடத் தேவலை. "வேலைக்குத் திரும்பணும்னா எல்லாரும் இப்படி ஏதாவது சொல்றதுதான்" என்று பேனாவைத் திறந்தார்.

"நெசம்தாங்க சார், நானே பாத்தேன்" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

"எழுதினது இவர்தானம்மா."

நின்று செய்யும் வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதி, அட்டையையும் அந்தத் தாளோடு சேர்த்துப் பின் அடித்தார். என் வாழ்க்கை அத்துடன் முடிந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். அவள் யாரிடமோ கேட்டு எனக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு, வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.