தொட்டியறையில் எழுந்த நெடி

அசிட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். கத்தாரில் ஒரு காய்கறிப் பண்ணையில் பல வருடங்கள் வேலை செய்துவிட்டு என் கணவர் எங்கள் ஊர் காத்தான்குடிக்குத் திரும்பி வந்தார். மாடித்தளத்தில் மண்ணே இல்லாமல், தண்ணீரில் லெட்டூஸ் வளர்க்கப்போகிறேன் என்றார். அப்போது நான் பயப்படவில்லை. அந்தத் தண்ணீருக்குள் அசிட் கலக்க வேண்டும் என்று அவர் சொன்னபோதுதான் பயந்தேன்.

எங்கள் ஊரில் வீடுகள் சுவரோடு சுவர் முட்டி நிற்கின்றன. ஒரு முருங்கை நடவும் இடமில்லை. மேலே வெயில் மட்டும் தாராளம். அவர் நிழல்வலை கட்டினார், வெள்ளைக் குழாய்களில் துளை போட்டுச் சரிவாக அடுக்கினார், ஒரு நீலப் பீப்பாவிலிருந்து மோட்டரால் உரத்தண்ணீர் ஓடவிட்டார். நாற்றுகள் வேர்விட்டன. கொஞ்ச நாளில் இளம் இலைகள் மஞ்சளாகிவிட்டன. நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

குறை எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புத்தண்ணீர் வாவி. சுடவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளைவெள்ளையாகப் படியும் தண்ணீர் அது. உரத்தில் இரும்புச்சத்து இருந்தாலும் அந்தத் தண்ணீரில் வேரால் அதை எடுக்க முடியாது என்றார். அதற்காக இரண்டு பொருள்கள் வாங்கி வந்தார். ஒன்று சீனி மாதிரி வெள்ளையாக இருந்தது, சித்திரிக்கமிலம். மற்றது ஹியூமிக் அமிலம், கடுங்கோப்பியைப் போலக் கறுத்த திரவம். உக்கிய இலையிலும் பழைய மண்ணிலும் தானாக இருப்பதுதானாம் அது. முதலாவது தண்ணீரின் குணத்தை மாற்றும், இரண்டாவது இரும்பைப் பிடித்து வேர்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று விளங்கப்படுத்தினார்.

நான் எட்டவே நின்றேன். அவர் வெள்ளைத் தூளில் ஒரு பொட்டு எடுத்து என் நாக்கில் வைத்தார்.

“எலுமிச்சம்பழத்தில இருக்கிற புளிதான் புள்ள. இதுக்கெல்லாம் பயப்படுறதா?”

புளிப்பில் என் கண் சுருங்கியது. மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. பைகளின் மேலும் ‘இயற்கையானது’ என்று அச்சடித்திருந்தது. புதிதாக விரிந்த இலைகள் பச்சையாக வந்தன. பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல்களுக்குப் பெட்டி பெட்டியாகப் போகத் தொடங்கின. என் பயம் மெல்ல மெல்லப் போய்விட்டது. அந்தத் தூளைச் சமையலறை உப்பைப் போலக் கையால் அள்ளும் அளவுக்கு நான் பழகிவிட்டேன்.

கச்சான் காற்று வீசும் கடும் வெயில் காலத்தில் வேர்கள் பழுப்பாகி வழுவழுத்தன. தண்ணீர் அழுகிய வாடை அடித்தது. அவர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத் துப்புரவாக்கத் தொடங்கினார். பீப்பா இருந்தது தளத்தின் மூலையில், தொட்டியறை என்று நாங்கள் சொல்லும் சிறிய அறையில். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் அந்த அறையின் ஜன்னலைப் பலகை அடித்து மூடியிருந்தோம். வெள்ளத்துக்குப் பிறகு கிணறு சுத்தம் செய்ய வாங்கிய குளோரின் தூள் வீட்டில் ஒரு டின்னில் மீதி இருந்தது. அதைப் பீப்பாவில் நன்றாகக் கரைத்து ஊறவிட்டு நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தபோது வழுவழுப்புப் போயிருந்தது, உள்சுவரில் வெள்ளைப் படிவு மட்டும் அப்படியே இருந்தது. படிவைக் கரைக்கப் புளி போதும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்த விசயம். அந்தத் தண்ணீரிலேயே சித்திரிக்கமிலப் பையைக் கவிழ்த்து, வெறும் பையை வெளியே எறிந்திருக்கிறார்.

நான் வெளியே நிழல்வலையின் கீழ் குழாய்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நெடி வந்தது. கிணற்றுக்குக் குளோரின் போட்ட அன்று வருமே, அந்த வாடைதான், ஆனால் கத்தி மாதிரி மூக்குக்குள் இறங்கியது. பிறகு அவர் இருமும் சத்தம் கேட்டது. பிறகு வாளி உருண்டது. அதற்குப் பிறகு இருமல்கூடக் கேட்கவில்லை.

கதவைத் திறந்தேன். பீப்பாவின் மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த மங்கலான புகைபோல ஏதோ நின்றது. அவர் அதன் விளிம்பைப் பிடித்தபடி முழங்காலில் இருந்தார். என் கண்கள் எரிந்து தானாக மூடிக்கொண்டன. முக்காட்டை இழுத்து வெளியே இருந்த தண்ணீரில் நனைத்து மூக்கோடு சேர்த்துக் கட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் அவருடைய சட்டைக் கொலரைப் பற்றி இழுத்தேன். அவர் என்னைவிட இரண்டு மடங்கு பாரம். எப்படி வெளியே கொண்டுவந்தேன் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவருடைய கால் வாசற்படியில் அடிபட்ட சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. கதவைக் காலால் தள்ளி மூடினேன்.

அவர் குந்தியிருந்து இருமினார், வாந்தி எடுத்தார், முகத்தைக் கழுவினார். கொஞ்ச நேரத்தில் சிரிக்கவும் பார்த்தார்.

“ஒண்டுமில்ல. நெடி ஏறிட்டு. கொஞ்சம் படுத்தாச் சரியாப் போயிரும்.”

நான் அதை நம்பினேன். நம்பத்தான் ஆசைப்பட்டேன். கீழே கூட்டிவந்து மின்விசிறியைப் போட்டு, பால் காய்ச்சிக் கொடுத்தேன். பிற்பகல் அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் அவருடைய மூச்சைக் கவனித்தேன். கோப்பையின் அடியில் கிடக்கும் பானத்தை உறிஞ்சுகிறபோது வரும் சத்தம் அவர் நெஞ்சிலிருந்து வந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தார்.  பக்கத்து வீட்டிலிருக்கும் என் அக்காவை, ராத்தாவை, மதிலுக்கு மேலால் கூப்பிட்டேன். அவள் ஓட்டோவோடு வந்து எங்களை ஏற்றிவிட்டு வீட்டில் நின்றாள்.

ஆஸ்பத்திரியில் என் வாயில் முதலில் வந்த சொல் அசிட் என்பதுதான். செடிக்குப் போடுற அசிட், என்றேன். அந்த ஒரு சொல்லோடு எல்லாம் மாறிவிட்டது. தாதி என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். எவ்வளவு குடித்தார் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் கடமையிலிருந்த பொலிஸ்காரர் ஒருவர் வந்து கட்டிலருகே நின்றார். வீட்டில் சண்டையா, கடன் தொல்லையா என்று அவர் பங்குக்கு விசாரித்தார். மூக்கிலும் வாயிலும் மாஸ்க் இருந்ததால் என் கணவரால் பேச முடியவில்லை. என் கையை மட்டும் இறுக்கினார். வயிற்றைக் கழுவக் குழாய் போடப்போகிறார்களோ, இந்த மூச்சோடு அதை எப்படித் தாங்குவார் என்று பயந்தேன்.

வந்த டொக்டர் வயதில் என்னைவிடச் சிறியவர். அவரிடம்தான் ஒருவாறு சொல்லி முடித்தேன்.

“இவர் ஒண்டும் குடிக்கல்ல டொக்டர். குளோரின் கரைச்ச தண்ணிக்குள்ள சித்திரிக்கமிலம் போட்டவர். அதில வந்த புகையத்தான் இழுத்தவர்.”

 பைகளைப் பார்க்க முடியுமா என்று டொக்டர் கேட்டார். நான் ராத்தாவுக்குக் கோல் எடுத்து, மேலே போய்ப் பைகளைப் படம்பிடித்து அனுப்பச் சொன்னேன். அதற்குள் டொக்டர், அறையைத் திறந்து விட்டீர்களா, என்று கேட்டார். மூடிவிட்டு வந்தோம் என்றேன். அப்படியென்றால் அந்தக் காற்று இன்னும் உள்ளேதான் இருக்கும், தரையோடு தேங்கி நிற்கும், யாரையும் போக விடாதீர்கள் என்றார்.

திரும்ப அழைத்தேன். மணி போனது, அவள் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் பட்ட பயத்தை வேறு எந்தப் பயத்தோடும் சேர்க்க முடியாது. ஒருவர் கண்முன்னால் மூச்சுக்குத் தவிக்கிறார். மற்றவளை அந்த அறைக்கு என் வாயாலேயே அனுப்பிவிட்டேன். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தொய்வு என்ற மூச்சிழுப்பு இருக்கிறது. ஓதத் தெரிந்ததெல்லாம் மறந்துபோய் ‘யா அல்லாஹ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு நின்றேன். ஊரில் வேறு யாருக்கு அழைப்பது என்றும் தோன்றவில்லை. கைப்பேசி ஒலித்தபோது எடுக்கப் பயந்து அதையே பார்த்திருந்தேன்.

“என்னகா, இவ்வளவு கோல்?” என்றாள் ராத்தா. “போனக் கீழ வெச்சிட்டுப் போயிட்டன். வாசல்லயே தொண்டைய அடைச்சிட்டு. பையும் டின்னும் வெளியதான் கிடந்திச்சி, எடுத்துக்கிட்டுக் கிறுகி வந்திட்டன்.”

மறுபடி மேலே போகாதே, கீழேயே வைத்துப் படம் எடுத்து அனுப்பு என்றேன்.

படங்களைப் பார்த்ததும் டொக்டர், இரண்டும் சேர்ந்தால் நச்சுக்காற்று கிளம்பும் என்று சொல்லிப் பொலிஸ்காரரைப் போகச் சொன்னார். நுரையீரலில் இனித்தான் நீர் கோர்க்கக்கூடும், டவுண் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். அம்புலன்ஸ் கல்லடிப் பாலத்தில் ஏறியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாவியில் ஒரு தோணி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. உலகத்தில் ஒருவருக்கு எப்படி அவசரமே இல்லாமல் இருக்க முடியும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

அவர் பிழைத்தார். வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். சில நாட்களில் வீட்டுக்கு வந்தோம், குரல் மட்டும் நெடுநாள் கரகரத்தது. சுகம் விசாரிக்க வந்தவர்களில் சிலர் என்னைத் தனியே கூப்பிட்டு, உண்மையில் என்ன நடந்தது என்று மெதுவாகக் கேட்டார்கள். நான் பீப்பாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணில் நம்பிக்கை வரவில்லை. பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

குழாய்களைக் கழற்றி இரும்புக்கடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ராத்தாவின் வீட்டு வாசலில் வைத்திருந்த நாற்றுகள் தப்பி வளர்ந்துவிட்டன. என் கணவரால் அப்போது படி ஏற முடியாது. அந்த அறையின் கதவையும் ஜன்னல் பலகையையும் கழற்றினோம். பீப்பாவை வெளியே, வலையின் கீழ் வைத்தோம். குளோரின் தூளைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். புது இலைகள் மறுபடியும் மஞ்சளாகத் தொடங்கியபோது நான்தான் கலக்க வேண்டியிருந்தது. வெள்ளைத் தூளைத் தண்ணீரில் போடுகையில் பாதியைத் தரையில் கொட்டிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கறுத்த திரவத்தை ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. மண் வாசனை மட்டும் வந்தது.

இப்போது அவர் மேலே ஏறி வேலை செய்கிறார். எனக்குப் பிரஷர் எகிறுது, இப்படிப் பின்னால வந்து நிக்காத என்று என்னிடம் சலித்துக்கொள்கிறார்.

“இனி மறுகா என்ன நடக்கும் எண்டு நினைக்கிறா நீ?” என்று ஒருநாள் கேட்டார்.

“தெரியா. நீங்க கலக்குங்க. நான் இதிலயே நிக்கிறன்,” என்றேன்.

அவர் சாதாரணமாகத் தொண்டையைச் செருமினாலும் நான் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் படியேறி ஓடுகிறேன்.